ராஜாவையும் சேர்த்து இருபத்து மூன்று பேர்

எங்கள் காலத்தில் ஜெயிலுக்குள் எல்லாருக்கும் நாற்காலி கிடையாது. சூப்பிரண்டு ஐயாவுக்கு உண்டு. டாக்டருக்கு உண்டு. வெளியிலிருந்து பெரிய அதிகாரி யாராவது வந்தால் உண்டு. வக்கீல் வந்தால் ஒரு ஸ்டூல் போடுவோம். மற்றவர்கள் யாராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

போன மாதம் சுமதி வந்தாள். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவிலேயே இருக்கிற பெண், இப்போது ஜெயிலில் வார்டர். நான் பார்த்த அதே வேலை.

"அம்மா, ஜெயில்ல பாட்டு, டிராமா, படம் போடுறதெல்லாம் சொல்லிக் குடுக்கறவங்களைக் கூப்பிட்டு இந்த வருஷம் மரியாதை பண்றாங்க. மலர் ஒண்ணு போடறாங்க. பழைய ஸ்டாஃப்பும் எழுதணுமாம். உங்க காலத்துல இப்படி யாருக்காவது ஏதாவது குடுத்தாங்களா?"

"குடுத்தாங்களே."

"என்ன குடுத்தாங்க?"

"நாற்காலி."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "எழுதிக் குடுங்கம்மா, படிக்கறவங்க தெரிஞ்சுக்கட்டும்" என்றாள். எனக்குப் படிப்பு குறைவு. தமிழ் எழுத்துக் கூட்டி எழுதுவேன், கன்னடத்தில் என் பேரை மட்டும் போடுவேன். எனக்கு வந்தமாதிரி எழுதியிருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

மைசூர் ராஜ்யம் என்று நம் ஊரைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பெண் வார்டருக்கு ஆள் வேண்டும், கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்றார்கள். போட்டுக் காட்டினேன். சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் பிடிப்பது, உள்ளே வருகிறவளைத் தலைமுடியிலிருந்து முந்தானை வரை சோதிப்பது, பூட்டியபின் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பது, இவ்வளவுதான் பயிற்சி. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, எண்ணிக்கை.

எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். காலையில் கதவு திறந்ததும் ஒரு தரம், சாயங்காலம் பூட்டுவதற்கு முன்னால் ஒரு தரம். கேட்டில் மணி அடிக்கும். மணி காதில் விழுந்த இடத்தில், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு, முற்றத்தில் ஜோடி ஜோடியாக உட்கார வேண்டும். கை இரண்டும் முட்டியின் மேல். சாப்பிடுகிறவள் தட்டை வைத்துவிட்டு வருவாள். குளிக்கிறவள் ஈரத்தலையோடு வந்து உட்காருவாள். நான் நடந்துகொண்டே ஒவ்வொருத்தி தோளையும் தொடுவேன். தொட்டதும் அவள் "ஹாஜர்", அதாவது இருக்கிறேன், என்று சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொன்னதும் அங்கே இருக்கிறவர்களில் பெரிய அதிகாரி யாரோ அவருக்கு நேராக நின்று, சல்யூட் வைத்து, "இத்தனை பேர், எல்லாரும் சரியா இருக்காங்க சார்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பூட்டு. மணி அடித்த பிறகு ஒருத்தி நின்றுகொண்டிருந்தால் அது குற்றம். வீட்டு ஆட்களைப் பார்ப்பது நின்றுபோகும், தலைக்கு எண்ணெய் நின்றுபோகும்.

நான் இருந்த இத்தனை வருஷத்தில் என் எண்ணிக்கை ஒரு நாளும் தப்பியது கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

எங்கள் சூப்பிரண்டு ஐயா கன்னடக்காரர். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஜெயில் முழுக்க அவர் கையில் இருந்தும், பெண்கள் பகுதிக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று பிரம்பால் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் போய்த் திறந்து, முன்னால் நடந்தால்தான் பின்னால் வருவார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், முற்றத்து வேப்பமரத்தைப் பார்ப்பார். நீங்கள் நிதானமாக யோசித்துச் சொல்வதற்காக. அவரிடம் ஒன்றைக் கேட்டால் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "நோடோணா" என்றால் பார்க்கலாம் என்று அர்த்தம், அதாவது நடக்காது. "ஆகலி" என்றால் நடக்கும்.

ஒரு நாள் காலையில் வார்டர்களை நிறுத்தி வைத்துக் கேட்டார். "லேடீஸ் சைடுல மத்தியானம் ஆனா சண்டைதான். தானியம் புடைக்கிற வேலை முடிஞ்சா அவங்களுக்கு வேற ஏதாவது வேணும். பாட்டுச் சொல்லிக் குடுக்க யாராவது தெரியுமா?" முன்பு காரில் இரண்டு அம்மாக்கள் பஜனை சொல்லிக்கொடுக்க வந்தார்கள். எங்கள் ஆட்கள் அவர்கள் கழுத்து நகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதோடு வராமல் போய்விட்டார்கள்.

எனக்குத் தனபாக்கியம் அக்கா ஞாபகம் வந்தது. சிவாஜிநகர் மார்க்கெட்டுப் பக்கம் ஒரு சந்தில் உட்கார்ந்து, அம்மன் கோயில் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு ஜரிகைச் சட்டை தைத்துக் கொடுப்பாள். அதற்கு முன்னால் நாடகக் கம்பெனியில் இருந்தவள். ராஜபார்ட், அதாவது ராஜா வேஷம். ஆண்கள் கட்டுவதைவிட அவள் கட்டினால்தான் கூட்டம் என்பார்கள். ஒரு நாள் யாரோ சட்டை சரியில்லை என்று தகராறு செய்தபோது, உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எடுத்துக்கொண்டு அப்பால் போ" என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், தெருக்கோடியில் கறிக்கடைக்காரன் வெட்டுகிற கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

சூப்பிரண்டு ஐயாவிடம் சொன்னேன். "டிராமாகாரியா?" என்று கேட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தார்.

"ஆமா சார். நல்ல பொம்பளை. நான் பொறுப்பு."

"பொறுப்புன்னா என்ன தெரியுமாம்மா? அவ உள்ள ஏதாவது கொண்டுவந்தாலும், வெளிய ஏதாவது கொண்டுபோனாலும் உன் வேலை போயிடும்."

"தெரியும் சார்."

"ஆகலி. வியாழக்கிழமை மத்தியானம்."

முதல் வியாழக்கிழமை கேட்டில் நான்தான் அவளைச் சோதித்தேன். கொண்டை ஊசி, சேப்டி பின், இரும்புப் பாக்குவெட்டி, பித்தளைச் சுண்ணாம்பு டப்பி எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அவ்ளோதானா லோகா? ராஜாவோட ஆயுதமெல்லாம் எறக்கியாச்சு. இனிமே நாட்டை யாரு காப்பாத்துவா?"

"கம்முனு வாக்கா. சூப்பிரண்டு ஐயா பாக்கறாரு."

"பாக்கட்டும். டிக்கெட் இல்லாம பாக்கறாரு, இன்னிக்கு மட்டும் விடறேன்."

உள்ளே அவள் உட்கார இடம் இல்லை. நாற்காலி போட ரூல் இல்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டேன், அதில் உட்கார்ந்தாள். அந்த வாளியில் உட்கார்ந்துதான் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தாள்.

பாட்டில் ஆரம்பித்தாள், பிறகு நாடகம் என்றாள். கதையை அவளே கட்டினாள். ஒரு ராஜா, அவன் நாட்டில் மழை இல்லை. யார் செய்த பாவம் என்று மந்திரி வீடு வீடாகப் போய்க் குற்றவாளியைத் தேடுகிறான். பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறான். ராஜா யாரையும் தண்டிக்காமல் செங்கோலைக் கீழே தாழ்த்துகிறான். மழை பெய்கிறது. கதை அவ்வளவுதான்.

மந்திரி வேஷத்துக்குச் சொர்ணம் என்று ஒருத்தி தானாக முன்வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பை அறுத்து உள்ளே வந்தவள், வாய் மூடவே மூடாது. ராஜா யார் என்று கேட்டபோது தனபாக்கியம் அக்கா முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிணற்றடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்த முனியம்மாவைக் காட்டினாள்.

எனக்குத் திக்கென்றது. முனியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொம்மலூர்ப் பக்கம் தோட்ட வேலை செய்தவள். நல்ல உயரம். புருஷனை மண்வெட்டியால் அடித்தாள், அவன் செத்துப்போனான். ஆயுள் தண்டனை. அவன் அவளை என்னென்ன செய்தான் என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டில் அவளையே கேட்டிருக்கிறார்கள். வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்று வக்கீல் என்னிடமே சொன்னார். எங்களிடம் வந்த பிறகும் அப்படித்தான். வேலை செய்வாள், பேச மாட்டாள். சில நாள் சோறும் வேண்டாம், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். எண்ணிக்கையில் அவள் தோளைத் தொட்டால் "ஹாஜர்" வராது. சொல்லாமல் இருப்பதும் குற்றம்தான். அதனால் அவள் தோளைத் தொடும்போது நானே "ஹாஜர்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போவேன். சூப்பிரண்டு ஐயாவுக்கும் இது தெரியும். கேட்டுக்கொண்டு வேப்பமரத்தைப் பார்ப்பார்.

"அக்கா, அது பேசாது" என்றேன்.

"பேசாட்டி என்ன? ராஜா எதுக்குப் பேசணும்? ராஜா பேசற நாட்டுல மந்திரிக்கு என்ன வேலை? நின்னா போதும். நிக்கறாளா பாரு, தூண் மாதிரி."

சொர்ணம் விடுவாளா? "நல்லாருக்கு நாயம். வசனம் பூரா நான் பேசணும், கிரீடம் அவளுக்கு. ஏம்மா ராஜா, நாக்கை வாடகைக்கு விட்டுட்டியா?"

முனியம்மா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து வந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜெயிலுக்குள் நாடகம் போடுவது லேசு இல்லை. கம்பு ஆகாது, கத்தி ஆகாது, கயிறு ஆகாது, சலங்கை ஆகாது. செங்கோலுக்குப் பழைய பேப்பரைச் சுருட்டிக் கஞ்சிப் பசை போட்டு ஒட்டினோம். கிரீடத்துக்கு அட்டைப்பெட்டி, அதன்மேல் ஒட்ட சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதம். ஆண் வார்டர்கள் சேர்த்து வைத்துக் கொடுத்தார்கள். மீசைக்கு விளக்குக் கரி. திரைக்கு ஜெயில் கம்பளி. மழைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது சொர்ணம்தான் வழி சொன்னாள். ஜெயில் சுவர் ஓரம் குல்மோகர் மரம் இருந்தது. அதன் காய் காய்ந்தால் வாள் மாதிரி நீளமாக, உள்ளே விதை கலகல என்று ஆடும். பத்துப் பேர் சேர்ந்து மெதுவாக ஆட்டினால் தூறல், வேகமாக ஆட்டினால் கனமழை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தகரக் கூரைமேல் பெய்கிற மாதிரியே இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை ஒத்திகை நடக்கும்போது சூப்பிரண்டு ஐயா வந்தார். எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். முனியம்மா கிரீடத்தோடு நின்றாள், கும்பிடவில்லை. சொர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏய், கும்புடுடி" என்றாள். முனியம்மா அசையவில்லை.

தனபாக்கியம் அக்கா வாளியிலிருந்து எழுந்தாள். "தப்பா நினைக்காதீங்க சார். இது எங்க கம்பெனி வழக்கம், நான்தான் சொல்லிக் குடுத்தேன். கிரீடம் தலையில இருக்கற வரைக்கும் ராஜா யாரையும் கும்பிடக் கூடாது. கம்பெனி முதலாளி வந்தாலும் சரி, பெத்த தாய் வந்தாலும் சரி. கும்பிடணும்னா கிரீடத்தை எறக்கி வெச்சுட்டுக் கும்பிடணும். இல்லாட்டி வேஷத்துக்கு மரியாதை இல்ல."

சூப்பிரண்டு ஐயா தன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எங்களுக்கு நேர் தலைகீழ். தொப்பி தலையில இருந்தாத்தான் சல்யூட்." அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "ஆகலி. ஆனா மணி அடிச்சா கிரீடம் கீழ வந்துடணும். மணிக்கு மேல ராஜா கிடையாது."

"சரிங்க சார்" என்றாள் அக்கா. முனியம்மா இதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அந்த மாதத்தில்தான் அவள் வேளை தவறாமல் சாப்பிட ஆரம்பித்தாள். சுவரைப் பார்த்து உட்காருவது குறைந்தது. வியாழக்கிழமை காலையில் யாரும் சொல்லாமலே முற்றத்தைப் பெருக்கி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பாள்.

இதெல்லாம் இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது மேலே புகார் போனது. யார் சொன்னது என்று தெரியாது. ஜெயிலா, நாடகக் கொட்டகையா, கண்ட பொம்பளைகளை உள்ளே விடுகிறார்கள் என்று. எங்கள் இலாகாவின் தலைமை அதிகாரியே நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்றார்கள். சூப்பிரண்டு ஐயா என்னையும் அக்காவையும் கேட்டுக்குக் கூப்பிட்டார்.

"அவர் முன்னாடி நாடகத்தைப் போட்டுக் காட்டுங்க. ஒழுங்கா நடந்தா தொடரும். ஏதாவது ஒரு ரூல் தப்பினா அன்னியோட கிளாஸ் முடிஞ்சுது. இந்தம்மா மறுபடி உள்ள வர முடியாது." அப்புறம் என்னைப் பார்த்தார். "நீ பொறுப்புன்னு சொல்லியிருக்க."

அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு வேலை போகும் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பயம், முனியம்மா மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவாளே என்பது.

அந்த நாள் வந்தது. மத்தியானம் வருகிறேன் என்ற அதிகாரி சாயங்காலம்தான் வந்தார். கனத்த சரீரம், களைப்பு. முற்றத்தில் இரண்டு நாற்காலி, அவருக்கு ஒன்று, எங்கள் ஐயாவுக்கு ஒன்று. அக்காவை முன்னால் காட்ட வேண்டாம் என்று ஐயா சொல்லியிருந்தார், அவள் கம்பளித் திரைக்குப் பின்னால் தன் வாளியில் இருந்தாள். வேஷம் கட்டாத பெண்கள் குல்மோகர் காயை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லாரையும் பார்க்கிற மாதிரி ஓரத்தில் நின்றேன்.

நாடகம் நன்றாகவே போனது. சொர்ணம் பஞ்சுத் தாடியோடு குதித்துக் குதித்துப் பேசினாள். "மகாராஜா, இந்த ஊரிலே எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், 'குற்றவாளி பக்கத்து வீட்டிலே' என்கிறார்கள்" என்று அவள் சொன்ன இடத்தில் பெண்கள் விழுந்து சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முனியம்மா அட்டைக் கிரீடமும் கரி மீசையுமாக நடுவில் நின்றாள். குற்றவாளியைக் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. இனி செங்கோலைத் தாழ்த்த வேண்டும், மழை பெய்ய வேண்டும், முடிந்தது.

மணி அடித்தது.

பூட்டுகிற நேரம். கேட்டில் இருப்பவனுக்கு நாடகம் தெரியாது, மணியைத் தள்ளிப் போடும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. வருஷக்கணக்கில் உடம்பில் ஊறிப்போன மணி அது. மந்திரி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் தாடியோடு கீழே உட்கார்ந்தாள். காவல்காரன் உட்கார்ந்தான். அவன் பிடித்துக்கொண்டு வந்த குற்றவாளியும் அவன் பக்கத்திலேயே ஜோடியாக உட்கார்ந்தாள். மழைக்காரிகள் காயைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து வரிசைக்கு வந்தார்கள். கை எல்லாம் முட்டிமேல். யாரும் யோசித்துச் செய்யவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் ராஜ்யம் முழுக்க எண்ணிக்கைக்கு உட்கார்ந்துவிட்டது.

ராஜா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

கிரீடம் இறங்கவில்லை. மணி அடித்த பிறகு நிற்கிறாள், தலைமை அதிகாரி கண் முன்னால். "முனியம்மா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அதிகாரி எங்கள் ஐயா பக்கம் திரும்பி, "ஏனிது?" என்றார், என்ன இது என்று. ஐயா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை ஓரத்தைத் தனபாக்கியம் அக்காவின் கை பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

அப்போது ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, வெகுநாள் திறக்காத கதவைத் திறக்கிற மாதிரி. யார் பேசுவது என்று முதலில் எனக்குப் புரியவே இல்லை.

"யாரங்கே."

முனியம்மா பேசினாள். செங்கோல் என் பக்கம் நீண்டிருந்தது.

"என் குடிகளை எண்ணி வா. ஒருத்தர் குறைஞ்சாலும் இந்த நாட்டுல மழை பெய்யாது."

அது நாடகத்தில் இல்லாத வசனம். யாரும் எழுதிக் கொடுக்காதது. சொர்ணம் வாயைப் பிளந்துகொண்டு ராஜாவைப் பார்த்தாள், அவள் தாடி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. அதைச் செய்தேன். வரிசையின் முதலில் போய் நின்று எண்ண ஆரம்பித்தேன். தோளைத் தொட்டேன், "ஹாஜர்". அடுத்த தோள், "ஹாஜர்". மந்திரி ஹாஜர், காவல்காரன் ஹாஜர், குற்றவாளி ஹாஜர், மழைக்காரிகள் ஹாஜர். அன்றைக்கு அவர்கள் சொன்ன விதமே வேறு. ஜெயில் எண்ணிக்கைக்குச் சொல்கிற மாதிரி முனகவில்லை, கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்கள். வரிசை முடிந்தது, இருபத்திரண்டு. கடைசியாக ராஜாவிடம் வந்தேன். தோளைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று தோன்றியது. பார்த்து எண்ணிக்கொண்டேன்.

இனி அறிக்கை சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர்களில் பெரியவருக்கு நேராக நின்று சொல்ல வேண்டும் என்பது ரூல். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி. அந்தப் பக்கம் கிரீடம். நான் நடுவில் நின்றேன். தொப்பி தலையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ராஜா பக்கம் திரும்பினேன். குதிகாலைச் சேர்த்து, ஒழுங்கான சல்யூட் வைத்தேன்.

"இருபத்து மூன்று பேர், மகாராஜா. உங்களையும் சேர்த்து. எல்லாரும் சரியா இருக்காங்க."

பிறகு திரும்பி, நாற்காலிகளுக்கும் அதே சல்யூட், அதே அறிக்கை. "இருபத்து மூணு பேர், எல்லாரும் சரியா இருக்காங்க சார்."

எண்ணிக்கை நேரத்துக்கு, சரியான தொகையோடு முடிந்திருந்தது. ஒருத்தி நின்றாள் என்பதுதான் தப்பு. அந்தக் கனத்த மனிதர் என்னைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார், கீழே கிடந்த குல்மோகர் காய்களைப் பார்த்தார். அவை எதற்கு என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது. எங்கள் ஐயாவிடம் கன்னடத்தில் சொன்னார்.

"கணக்கு சரியாகத்தானே இருக்கிறது. மளெ பரலி, ரீ."

மழை வரட்டும் என்றார்.

ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "ஆகலி."

நான் கையைக் காட்டினேன். ராஜா செங்கோலைத் தாழ்த்தினாள். பெண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிக் காயை எடுத்து ஆட்டினார்கள். முதலில் தூறல். அப்புறம் பெருமழை. வேஷக்காரிகளுக்குக் காய் இல்லை, அவர்கள் கையால் தொடையைத் தட்டினார்கள். சொர்ணம் அழுதுகொண்டே தட்டினாள். மழை ஓய்ந்ததும் முனியம்மா கிரீடத்தை இரண்டு கையாலும் கழற்றிக் கீழே வைத்தாள். முதலில் திரைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிறகு நாற்காலிகளைக் கும்பிட்டாள். பிறகு வரிசைக் கடைசியில் போய் உட்கார்ந்து, கையை முட்டிமேல் வைத்துக்கொண்டாள்.

"இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

தனபாக்கியம் அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, கை கட்டி நின்றாள். எங்கள் சூப்பிரண்டு ஐயா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே தூக்கினார். வார்டர்கள் ஓடி வந்தார்கள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொண்டுபோய் அக்காவுக்கு முன்னால் வைத்தார்.

"கூத்கொள்ளிம்மா."

"இருக்கட்டும் சார். நமக்கு வாளிதான் சவுகரியம்."

"உட்காருங்க" என்றார் தமிழில்.

உட்கார்ந்தாள். நேராக, முதுகு சாயாமல், இரண்டு கையையும் நாற்காலிக் கைமேல் வைத்து, ராஜபார்ட் உட்காருகிற மாதிரியே. அந்தப் பெரிய அதிகாரி ஒரு நாற்காலியில், அவள் ஒரு நாற்காலியில், எங்கள் சூப்பிரண்டு ஐயா நின்றுகொண்டு. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

"சிம்மாசனத்துல உக்காந்து ரொம்ப நாளாச்சு லோகா" என்று என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "குஷன் வெச்சிருக்கலாம்."

அடுத்த வியாழக்கிழமை அவள் வரும்போது முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தது. ஐயா உத்தரவு. அவர் மாற்றலாகிப் போன பிறகும், அவள் முடியாமல் போய் நிறுத்தும்வரைக்கும், வியாழக்கிழமையானால் அந்த நாற்காலி வேப்பமர நிழலில் இருக்கும். முனியம்மாதான் துடைத்து வைப்பாள். வாளியைத் தண்ணீர் பிடிக்கத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இப்போது மேடை போட்டு, பேரைக் கூப்பிட்டு, சால்வை போடுகிறார்கள் என்று சுமதி சொல்கிறாள். நல்லது. போடட்டும். நானும் போய் முன் வரிசையில் உட்காரத்தான் போகிறேன். முதல் முதலாகத் தனபாக்கியம் அக்காவைக் கேட்டில் சோதித்து, நான் பொறுப்பு என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனவள் நான்.

நாடகம் நடந்த மறுநாள் காலை எண்ணிக்கையோடு முடிக்கிறேன். மணி அடித்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். கரி மீசை சரியாகப் போகாமல் முனியம்மாவின் உதட்டுக்கு மேலே சாம்பல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல நடந்துகொண்டே வந்து அவள் தோளில் கை வைத்தேன். வழக்கம்போல அவளுக்காகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஹாஜர்" என்றாள் அவள், எனக்கு முன்னால்.